எந்த ஸ்ட்ரிங் போடலாம்? மட்டை கட்டுகிற அக்கா சொல்கிறேன்

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கிற சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்கூடத்தில்தான் பூப்பந்து மட்டைக்கு ஸ்ட்ரிங் கட்டும் மெஷின் இருக்கிறது. பக்கத்திலேயே வீட்டுக்காரரின் மோட்டார் பட்டறை. செயின் மாற்ற வருகிறவர்கள் கையோடு பூப்பந்து மட்டையையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், டோவன்பி தோட்டத்துப் பையன்கள், ஈப்போவுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், பணி ஓய்வு பெற்ற வாத்தியார்கள் என்று பல பேர். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த ஸ்ட்ரிங் நல்லது?"

கேட்டவுடன் ஒரு பெயரைச் சொல்லிவிடலாம், கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஸ்ட்ரிங்கில் மூன்று விஷயம் இருக்கிறது. அடித்தால் ஷட்டில் எவ்வளவு வேகமாகத் தெறித்துப் போகிறது, எத்தனை நாள் அறுந்துபோகாமல் தாங்குகிறது, அடிக்கும்போது கைக்கு என்ன தெரிகிறது. மூன்றும் ஒரே ஸ்ட்ரிங்கில் முழுசாகக் கிடைக்காது. உங்களுக்கு எது முக்கியம் என்று நீங்கள் சொன்னால்தான் நான் பெயர் சொல்ல முடியும். அதைக் கண்டுபிடிக்க நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு பொறி இருக்கிறது, அதில் விழாமல் இருங்கள். நான்கைந்து மாதம் ஒரே ஸ்ட்ரிங்கில் ஆடுகிறார்கள். அது அறுந்ததும் வேறு பெயர் உள்ள ஒன்றைப் போட்டுக்கொண்டு டேவானுக்கு, அதாவது ஆடுகிற மண்டபத்துக்குப் போகிறார்கள். இரண்டு ஸ்மாஷ் அடித்ததும், "இதுதான் ஸ்ட்ரிங்! பழசு குப்பை!" என்கிறார்கள். பழையது குப்பையாக இருக்கவில்லை, செத்துப் போயிருந்தது. தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டு எந்தக் கம்பெனியின் புது டயரைப் போட்டாலும் பிடிப்பு நன்றாகத்தான் இருக்கும் என்று எங்கள் பட்டறையில் சொல்வார்கள். நைலான் ஸ்ட்ரிங் கட்டி முடித்த நிமிடத்திலிருந்தே தளர ஆரம்பிக்கிறது. ஸ்ட்ரிங்கை எவ்வளவு இறுக்கி இழுத்துக் கட்டினோம் என்பதைப் பவுண்டில் சொல்வோம், அதுதான் டென்ஷன். முதல் நாளிலேயே ஒன்றிரண்டு பவுண்டு இறங்கிவிடும், அதற்கப்புறம் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். அதனால் புதியதைப் புதியதோடுதான் ஒப்பிட வேண்டும். பழைய ஸ்ட்ரிங்கையே இன்னொரு முறை புதிதாகக் கட்டி ஆடிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

சரி, ஸ்ட்ரிங்குக்கு வருவோம்.

இப்போது நாம் போடுகிற ஸ்ட்ரிங் பெரும்பாலும் நைலான். நடுவில் மெல்லிய இழைகள் கற்றையாக இருக்கும், அதைச் சுற்றி வெளியே பின்னல் இழை, அதற்கும் மேலே ஒரு பூச்சு. கம்பெனிக்குக் கம்பெனி இழையும் பூச்சும் மாறும். ஆனால் கைக்கு முதலில் தெரிவது தடிமன்தான். பாக்கெட்டின் பின்னால் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் அதிகம் கட்டுவது யோனெக்ஸ் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். பிஜி 65 என்பது 0.70 மி.மீ., பிஜி 80 என்பது 0.68, பிஜி 66 அல்டிமாக்ஸ் 0.65, எக்ஸ்போல்ட் 63 அதன் பெயரில் உள்ளபடியே 0.63, ஏரோசோனிக் 0.61.

0.70-க்கும் 0.65-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். வட்டத்தின் பரப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.65-இல் சுமார் 14 விழுக்காடு குறைவான நைலான்தான் இருக்கிறது. 0.61 என்றால் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதே 25 பவுண்டு இழுப்பை அந்தக் குறைந்த நைலான் தாங்கியாக வேண்டும். மெல்லிய ஸ்ட்ரிங் நன்றாக வளைந்து கொடுத்துச் சட்டென்று திரும்பும், அடித்தால் "டிங்" என்று கூர்மையான சத்தம் வரும், ஷட்டில் பறக்கும். சீக்கிரம் அறுந்தும் போகும். தடித்த ஸ்ட்ரிங் சத்தத்தில் மந்தம், கைக்குக் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், ஆனால் கிடந்து உழைக்கும்.

பிஜி 65-ஐ "பிள்ளைகள் போடுவது" என்று ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், வாரம் இரண்டு மூன்று நாள் விளையாடுகிற சாதாரண ஆளுக்கு அதைவிட நியாயமான ஸ்ட்ரிங் இல்லை. அதிலேயே டைட்டானியம் பூச்சுள்ள பிஜி 65 டைட்டானியமும் இருக்கிறது. அதே 0.70தான், கொஞ்சம் விறைப்பாக, சத்தமாக இருக்கும். பிஜி 80 அடித்து ஆடுகிறவர்களுக்கு. வெக்ட்ரான் என்ற கடினமான இழை அதில் கலந்திருக்கிறது, கை அதை உணரும். முழங்கை வலி உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. ஏரோபைட் வேறு ரகம், நெடுக்கில் 0.67, குறுக்கில் 0.61, இரண்டும் வேறு வேறு ஸ்ட்ரிங். குறுக்கு ஸ்ட்ரிங்கின் மேல்தோல் சொரசொரப்பாக இருப்பதால் ஷட்டிலைக் கவ்வித் திருப்பும். வலையோரம் நுணுக்கமாக ஆடுகிறவர்களுக்குப் பிடிக்கும். தூக்கி அடிக்க மட்டுமே தெரிந்தவர் அதற்குக் காசு கொடுப்பது வீண். லி-நிங் நம்பர் 1 என்பது 0.65, அல்டிமாக்ஸ் பிடித்தவர்கள் அதையும் ஒரு முறை கட்டிப் பார்க்கலாம்.

டென்ஷன் பற்றித்தான் அதிகமான தவறான எண்ணம். பவுண்டு கூடினால் ஷட்டில் வேகமாகப் போகும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. இழுத்துக் கட்டின ஸ்ட்ரிங் குறைவாகத்தான் வளையும், அதனால் உந்தித் தள்ளுவதும் குறைவு. வேகத்தை உங்கள் கைதான் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, ஷட்டில் நினைத்த இடத்துக்குப் போகும். அதோடு, பட்டால் ஷட்டில் நன்றாகப் போகிற அந்த நடு இடமும் சுருங்கிவிடும். தளர்வாகக் கட்டினால் சும்மா தட்டினாலே பின்கோடு வரைக்கும் போகும், ஆனால் எங்கே விழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நம் மலேசியாவின் பெண்கள் இரட்டையர் ஜோடி தீனா முரளிதரனும் பெர்லி டானும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்துக்கு வந்ததிலிருந்து, 2025 உலகப் போட்டியில் வெள்ளி எடுத்ததிலிருந்து இன்னும் அதிகமாக, பெண் பிள்ளைகள் மட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, "ஆன்ட்டி, 29 பவுண்டு" என்று கேட்டால் நான் கட்ட மாட்டேன். உலக ஆட்டக்காரர்கள் கோர்ட்டுக்கே பல மட்டைகளோடு வருகிறார்கள், ஒன்று அறுந்தால் அடுத்ததை எடுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைக்கு 20 முதல் 22 போதும். வாரக் கடைசியில் ஆடுகிறவருக்கு 23, 24. மணிக்கட்டில் பலமும், அடியில் நிதானமும் வந்தவருக்கு 25, 26. அதற்கு மேலே கேட்கிறவர்கள் ஏன் வேண்டும் என்று எனக்குச் சொல்ல வேண்டும். உங்கள் மட்டையின் கழுத்துப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 3யூ, 4யூ என்று எடையும், எத்தனை பவுண்டு வரை கட்டலாம் என்றும் அச்சடித்திருக்கும். அந்த எல்லையைத் தாண்டிக் கட்டினால் சட்டம் உடைந்தாலும் கம்பெனி பொறுப்பேற்காது, நானும்தான்.

இன்னொன்று. என் மெஷினில் 24 என்பது ஈப்போவில் ஒருவர் மெஷினில் 24 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கையால் சுற்றுகிற மெஷின், பவுண்டு வந்ததும் பூட்டிக்கொள்ளும், பூட்டிய பிறகு ஸ்ட்ரிங் நெகிழ்ந்தாலும் அது மறுபடி இழுக்காது. மின்சார மெஷினும் எடைக்கல் தொங்கும் மெஷினும் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அதே எண்ணுக்கு அவை கொஞ்சம் இறுக்கமாகத்தான் வரும். ஒரே ஆளிடம், ஒரே மெஷினில் கட்டின இரண்டை ஒப்பிட்டால்தான் கணக்கு சரியாக வரும். ஆள் மாறினால், ஸ்ட்ரிங் மாறினதா ஆள் மாறினதா என்று தெரியாமல் போய்விடும்.

இனி, ஒப்பிடும் முறை. ஒரே மாடல், ஒரே எடை மட்டை இரண்டு கிடைத்தால் வசதி. உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஜோடி ஆடுகிற நண்பரிடமும் அதே மட்டை இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். இரண்டிலும் கைப்பிடி டேப் ஒரே மாதிரி சுற்றியிருக்க வேண்டும். ஒன்றில் மெத்தென்ற டேப், இன்னொன்றில் மெல்லிய டேப் என்றால் கைக்குத் தெரிவதெல்லாம் டேப்பின் வேலை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே பவுண்டில் கட்டச் சொல்லுங்கள். கட்டிய அன்றே ஆடாமல் ஒரு ராத்திரி வைத்திருந்து அடுத்த நாள் எடுத்துப் போங்கள், முதல் இறக்கம் அதற்குள் முடிந்திருக்கும்.

ஷட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இறகு ஷட்டில் என்றால் ஒரே குழாயிலிருந்து எடுங்கள். குழாயில் வேக எண் இருக்கும், எண் பெரிதானால் வேகம் கூடும். சூடான காற்று இலேசு, ஷட்டில் அதில் அதிக தூரம் பறக்கும். அதனால் நம் ஊர் டேவானுக்கு 75, 76 சரியாக இருக்கும். குளிர் நாட்டில் 78 வரை போவார்கள். பிளாஸ்டிக் ஷட்டிலை வைத்து ஒரு ஸ்ட்ரிங்கை மதிப்பிட்டுவிட்டு, போட்டியில் இறகு ஷட்டிலோடு ஆடினால் அந்த மதிப்பீடு உதவாது. நீங்கள் எதில் ஆடுவீர்களோ அதில்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டம் வைத்துப் பார்க்காதீர்கள். வெற்றி தோல்வி மண்டைக்குள் ஏறிவிடும். எதிரில் ஒருவரை நிறுத்தி, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடியுங்கள். முதலில் பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்குத் தூக்கி அடிப்பது. வழக்கமான பலத்தில் அடித்தால் எங்கே விழுகிறது என்று எதிரில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும். இதுதான் தெறிப்புக்கு நேர்மையான சோதனை, ஸ்மாஷ் அல்ல. ஸ்மாஷில் சத்தம் ஆளை ஏமாற்றும். அப்புறம் வலையோரம் சும்மா வைப்பது. ஷட்டில் மட்டையில் ஒட்டி வருகிற மாதிரி இருக்கிறதா, கட்டையில் பட்ட மாதிரி துள்ளுகிறதா என்று பாருங்கள். அடுத்து நெஞ்சு உயரத்தில் இரண்டு பேரும் வேகமாக மாற்றி மாற்றி அடிப்பது. கை தயாராவதற்குள் ஷட்டில் போய்விடுகிறதா என்பது அதில் தெரியும். கடைசியில் ஸ்மாஷ், ஆசைக்கு. பத்து அடிக்கு ஒரு முறை மட்டையை மாற்றுங்கள். ஒன்றிலேயே அரை மணி நேரம் அடித்தால் கை அதற்குப் பழகிவிடும், மற்றது எதுவானாலும் மோசமாகத்தான் தெரியும்.

முடிந்தால் பெயர் தெரியாமல் அடித்துப் பாருங்கள். லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், எங்கள் டேவானில் அவர் ஸ்மாஷுக்குப் பயப்படாதவர்கள் இல்லை. அல்டிமாக்ஸ் தவிர வேறு எதையும் தொட மாட்டார். அவருடைய இரண்டு மட்டையிலும் வெள்ளை நிற ஸ்ட்ரிங்காகவே எடுத்து, ஒன்றில் அல்டிமாக்ஸும் மற்றதில் பிஜி 65-உம் 25 பவுண்டில் கட்டி, ஒரு மட்டையின் கைப்பிடி அடியில் மட்டும் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன். புள்ளி வைத்தது எது என்று அவரிடம் சொல்லவில்லை. நன்றாக அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இதுதான் தங்கச்சி அல்டிமாக்ஸ், கேட்டாலே தெரியுதே" என்றார். அது பிஜி 65. அவர் கைக்கு இருக்கிற பலத்துக்கு ஸ்ட்ரிங் தள்ளிவிட வேண்டிய அவசியமே இல்லை, அடி எங்கே விழுகிறது என்பதில்தான் அவருக்குத் திருப்தி. விஷயம் தெரிந்த பிறகு கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். இப்போது 65தான் கட்டுகிறார், யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார்.

உழைப்பை இப்படி ஒரு நாளில் பார்க்க முடியாது. அதற்கு அறுந்த மட்டையைப் படிக்கத் தெரிய வேண்டும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி அதுதான்.

மட்டையைக் கொடுத்ததும் நான் முதலில் பார்ப்பது எங்கே அறுந்திருக்கிறது என்று. நடுவில், நெடுக்கு ஸ்ட்ரிங் ஒன்று அறுந்திருந்தால் அது இயற்கையான சாவு. பக்கத்து நெடுக்கு ஸ்ட்ரிங்கை நகத்தால் ஓரமாகத் தள்ளிப் பாருங்கள். குறுக்கு ஸ்ட்ரிங் தாண்டுகிற ஒவ்வொரு இடத்திலும் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், வெட்டுக்காயம் போல. ஒவ்வோர் அடியிலும் நெடுக்கும் குறுக்கும் ஒன்றை ஒன்று உரசி அறுக்கின்றன. பூச்சு போய், வெளிப்பின்னல் பிய்ந்து, பஞ்சு மாதிரி நூல் எட்டிப் பார்க்கும். அப்படி அறுந்தால் ஸ்ட்ரிங் தன் வேலையை முழுசாகச் செய்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் அதிக நாள் வேண்டுமென்றால் தடித்ததற்கு மாறுங்கள்.

மேல்பக்கம், சட்டத்துக்கு ஒட்டினாற்போல அறுந்திருந்தால் ஸ்ட்ரிங்கைத் திட்டாதீர்கள். ஷட்டில் தப்பான இடத்தில் பட்டிருக்கிறது. அந்த ஓரத்தில் ஸ்ட்ரிங்குக்கு வளைய இடமில்லை, சட்டத்துக்கும் ஷட்டிலுக்கும் நடுவில் மாட்டி ஒரே அடியில் போய்விடும், கட்டி இரண்டு நாளானாலும் சரி. செம்பனைக் குலை வெட்டுகிற தம்பி ஒருவர் மாதத்தில் பல தடவை இப்படியே அறுத்துக்கொண்டு வருவார். நாள் முழுக்க நீளமான அரிவாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து வேலை செய்கிற கை, பலத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஷட்டில் தலையைத் தாண்டிய பிறகுதான் அடிப்பார். அவருக்கு 0.63 போட்டிருந்தார்கள், வேறு ஓர் இடத்தில். நான் 0.70-க்கு மாற்றி, இரண்டு பவுண்டு இறக்கி, "தம்பி, கால் முதலில் பின்னால் போகட்டும், கை அப்புறம்" என்றேன். இப்போது அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. எனக்கு வருமானம் போச்சு, பரவாயில்லை.

சட்டத்தில் ஸ்ட்ரிங் நுழைகிற துளையிலேயே அறுந்திருந்தால், அங்கே இருக்கிற சின்ன பிளாஸ்டிக் குழல் (குரோமெட்) வெடித்திருக்கும், சட்டத்தின் கூர் ஓரம் ஸ்ட்ரிங்கை வெட்டியிருக்கும். குழல் மாற்றுவது சின்னச் செலவு, மாற்றாமல் மேலே மேலே ஸ்ட்ரிங் கட்டுவதுதான் பெரிய செலவு. முடிச்சுப் பக்கத்தில், பையில் சும்மா இருக்கும்போதே அறுந்தால் பெரும்பாலும் கட்டியவர் பொறுப்பு. என்னிடம் கட்டினது அப்படி வந்தால் காசு வாங்காமல் கட்டிக் கொடுப்பேன். உங்கள் ஊரில் கட்டுகிறவரிடமும் தைரியமாகக் கேளுங்கள்.

அறுந்துபோகாமலே செத்துப்போகிற ஸ்ட்ரிங்கும் உண்டு. மெதுவாக ஆடுகிற வாத்தியார்கள் ஒரு வருஷமாக அறுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். விரலால் தள்ளினால் ஸ்ட்ரிங் நகர்ந்து அங்கேயே நின்றுவிடும், தட்டினால் சத்தம் மந்தமாக வரும். இப்போது மட்டையைத் தட்டின சத்தத்தைக் கேட்டு டென்ஷன் சொல்கிற செயலிகள் கைப்பேசியில் கிடைக்கின்றன. அது காட்டுகிற பவுண்டை அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் கட்டின மறுநாள் ஓர் எண்ணும் மாதாமாதம் ஓர் எண்ணும் எழுதி வைத்தால் எவ்வளவு இறங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். இரண்டு ஸ்ட்ரிங்கில் எது டென்ஷனைப் பிடித்து வைக்கிறது என்று ஒப்பிட இதைவிட மலிவான வழி இல்லை.

காசுக் கணக்கை வாரத்தால் வகுத்துப் பாருங்கள். கூலியோடு 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) கட்டின ஸ்ட்ரிங் ஆறு வாரம் வந்தால் வாரத்துக்கு 5 வெள்ளி. 45 வெள்ளிக்குக் கட்டினது மூன்று வாரத்தில் போனால் வாரத்துக்கு 15. அந்தப் பத்து வெள்ளிக்கு உங்கள் ஆட்டத்தில் என்ன கூடினது என்று யோசியுங்கள். கூடினது என்றால் தாராளமாகக் கட்டுங்கள், ஆசைக்கு விலை கிடையாது.

வெயிலில் நிறுத்தின காருக்குள் மட்டையை விட்டுவிட்டு ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கப் போகாதீர்கள். சூட்டில் நைலான் நெகிழும், எந்தக் கம்பெனி ஆனாலும். மழையில் நனைந்த பையிலும் வைக்க வேண்டாம், நைலான் ஈரத்தை உறிஞ்சும்.

கோர்ட்டில் அறுந்தால் ஆட்டத்தை முடித்துவிடலாம் என்று அதே மட்டையோடு ஆடாதீர்கள். ஒரு பக்கம் இழுப்பு போய், மறுபக்கம் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் சட்டம் கோணிவிடும். உடனே கத்தரி எடுத்து நடுவிலிருந்து ஆரம்பித்து, நெடுக்கையும் குறுக்கையும் மாற்றி மாற்றி வெளிப்பக்கமாக எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். அறுந்த இடம் எனக்குத் தெரிய வேண்டும் என்பதால், வெட்டுவதற்கு முன்னால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். முன்பு எந்த ஸ்ட்ரிங், எத்தனை பவுண்டு, எந்தத் தேதியில் கட்டினது என்பதும் வேண்டும். நான் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மட்டை உறைக்குள் போட்டுத்தான் கொடுப்பேன். அதைத் தூக்கி எறியாமல் இருந்தால், அடுத்த முறை எந்த ஸ்ட்ரிங் நல்லது என்று நீங்கள் கேட்பதற்குள் நானே மெஷினில் மாட்டியிருப்பேன்.